ஒரே ரூபா, வேறு வேறு காலம்: வன்னியின் ஏற்ற இறக்கம் கொழும்போடு சேர்ந்து ஓடுகிறதா என்று நாமே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் கடையில் கடன் கொப்பி எப்போதும் மேசையிலேயே கிடக்கும். ஐப்பசியில் இருந்து தை வரை அதில் பக்கம் பக்கமாகக் கடன் ஏறும்: சீனி, பருப்பு, கோதுமை மா, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்குப் பேனை. மாசியில் வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கியதும் ஒவ்வொரு பெயருக்கும் குறுக்கே கோடு விழத் தொடங்கும். பங்குனி முடியும்போது பழைய பக்கங்களில் அநேகமாக எல்லாப் பெயரும் வெட்டுப்பட்டிருக்கும். 2017 பங்குனியில் அந்தக் கோடுகள் விழவில்லை. மழை பொய்த்துக் காலபோகம், அதாவது மாரி மழையை நம்பிய பெரிய நெற்போகம், கருகிவிட்டது. போன வருடத்துப் பெயர்களுக்குக் கீழேயே புதுக் கடன் எழுத வேண்டியிருந்தது.

அதே மார்ச் மாதம் 24ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை, அதாவது மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான வட்டியை, கால் சதவீதப் புள்ளி உயர்த்தியது. கடன் வேகமாகக் கூடுகிறது, விலை ஏறுகிறது என்பது அவர்கள் பார்த்த படம். நாடு முழுவதையும் எடுத்தால் அந்த முடிவில் நியாயம் இருக்கலாம். தருமபுரத்தில் நின்று பார்த்தால், விளைச்சல் போன இடத்தில் வட்டியும் ஏறியது.

ஒரே நாணயத்தைப் பாவிக்கும் பிரதேசங்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் ஒரே வட்டி எல்லோருக்கும் ஓரளவு பொருந்தும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் அந்த வட்டி யாரோ ஒருவரைப் பிழையான நேரத்தில் அழுத்தும். இந்தச் சேர்ந்தோட்டத்தைத்தான் வணிகச் சுழற்சி ஒத்திசைவு என்கிறார்கள். இலங்கையின் வடக்கில் இருக்கும் வன்னிக்கு இதை எப்படி அளப்பது என்று படிப்படியாக எழுதுகிறேன். வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்கள், கச்சேரிகளில் இருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், கூட்டுறவுச் சங்கங்களில் கணக்குப் பார்ப்பவர்கள் இவர்களை மனதில் வைத்து எழுதியது. எக்செல் தெரிந்தால் போதும்.

தொடங்க முன் தெரிந்திருக்க வேண்டியது

1961இல் ரொபர்ட் முண்டெல் ஒரு கேள்வி கேட்டார்: எந்த அளவு பரப்புக்கு ஒரு நாணயம் பொருத்தம்? நாட்டு எல்லையும் நாணயத்துக்குப் பொருத்தமான எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை என்பது அவர் வாதம். ஒரு பகுதியின் பொருட்களுக்குக் கேள்வி (வாங்குவோரின் தேவை) குறைந்து இன்னொரு பகுதியில் கூடினால், தனித்தனி நாணயம் இருக்கும்போது நாணயமாற்று வீதம் அசைந்து அடியைத் தாங்கும். ஒரே நாணயம் என்றால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்போது ஆட்கள் வேலை தேடி இடம் மாற வேண்டும், அல்லது சம்பளமும் விலையும் இறங்க வேண்டும். பின்னர் மக்கினன் 1963இலும் கெனன் 1969இலும் ஒவ்வொரு அளவுகோலைச் சேர்த்தார்கள். கெனன் சொன்னது நமக்கு முக்கியம்: பலவகைத் தொழில் உள்ள இடம் ஒரு தொழிலில் விழும் அடியைத் தாங்கிக்கொள்ளும். நெல்லையும் மீனையும் நம்பியிருக்கும் இடத்துக்கு அது கடினம்.

யூரோ இதற்குப் பெரிய பரிசோதனைக் களம். 1999இல் 11 நாடுகள் சேர்ந்து தொடங்கின. 2003 ஜூன் முதல் 2005 டிசம்பர் வரை ஐரோப்பிய மத்திய வங்கியின் பிரதான வட்டி 2 சதவீதத்தில் நின்றது. தளர்ந்து கிடந்த ஜேர்மனிக்கு அது அளவாக இருந்தது. வீட்டு விலைகள் பொங்கிக்கொண்டிருந்த அயர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் அது எரிகிற அடுப்பில் விறகு. 2008க்குப் பிறகு அந்த இரண்டு நாடுகளும் என்ன பாடுபட்டன என்பது தெரிந்த கதை.

ஒரு நாணயத்துக்குள் வந்த பிறகு பிரதேசங்கள் ஒன்றையொன்று நெருங்குமா, விலகுமா என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கட்சி. வணிகம் கூடும், அதனால் சுழற்சியும் நெருங்கும் என்று பிராங்கலும் ரோஸும் 1998இல் தரவு காட்டினார்கள். வணிகம் கூடினால் ஒவ்வொரு இடமும் தனக்குக் கைவந்த தொழிலில் மட்டும் குவிந்துவிடும், அதனால் விலகும் என்பது கிருக்மன் 1993இல் சொன்னது. வன்னியில் இரண்டுக்கும் சாட்சி உண்டு. வன்னி ஊடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்தது, 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்தது, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழும்பின. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளையின் சம்பளம் வெளிநாட்டு ஓடரோடு அசைகிறது. அவளுடைய தகப்பனின் வருமானம் இரணைமடுக் குளத்தின் வான்கதவோடு அசைகிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டு சுழற்சி.

ஒரே நாணயம் இருந்தாலே ஒத்திசைவு வந்துவிடாது என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையே இல்லை. அரச பகுதியையும் புலிகளின் பகுதியையும் பிரித்து ஓமந்தையில் சோதனைச்சாவடி இருந்த போர்க்காலத்திலும் வன்னியில் புழங்கியது இலங்கை ரூபாதான். 2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்ட பிறகும் அதே ரூபாதான். தாளில் ஒரே கையெழுத்து, சந்தையில் வேறு உலகம்.

முதல் படி: எந்த வன்னி என்று முடிவெடுங்கள்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதிப் பிழை இங்கேதான் நடக்கிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு. கிளிநொச்சி அதில் இல்லை, அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. நாம் பேசும்போது வன்னி என்பது கிளிநொச்சியையும் சேர்த்துத்தான். பொருளாதாரக் கணக்குக்கு இந்த நான்கு நிர்வாக மாவட்டங்களையும் எடுங்கள். ஆனால் கூட்டிய எண்ணோடு நின்றுவிடாமல் மாவட்டம் மாவட்டமாகவும் வைத்திருங்கள். வவுனியா நகரம் வியாபார நகரம், முல்லைத்தீவு அப்படி இல்லை. நான்கையும் கூட்டினால் ஒன்றின் இறக்கத்தை மற்றதன் ஏற்றம் மறைத்துவிடும்.

ஒப்பிடும் மறுபக்கமாக நாடு முழுவதையும் எடுப்பதைவிட மேல் மாகாணத்தை எடுப்பது நல்லது. நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு அங்கேதான். கொள்கை வட்டி பெரும்பாலும் எந்த இடத்தின் சூட்டைப் பார்த்து அசைகிறது என்பதும் அதில் தெரியும்.

இரண்டாம் படி: தரவு, அதை எவ்வளவு நம்பலாம்

முதலில் கைக்கு வருவது மத்திய வங்கி வருடாவருடம் வெளியிடும் மாகாண மொத்த உள்நாட்டு உற்பத்தி. இதில் மூன்று சிக்கல். ஒன்று, அது மாகாணத்துக்கு, மாவட்டத்துக்கு இல்லை. யாழ்ப்பாணமும் வன்னியும் அதில் ஒரே சட்டிக்குள். இரண்டு, அது நடப்பு விலையில், அதாவது விலையேற்றத்தைக் கழிக்காமல் இருக்கிறது.

மூன்றாவதுதான் பெரியது. அந்த எண்கள் கிராமத்தில் இருந்து மேலே கூட்டி எடுத்தவை இல்லை. தேசிய உற்பத்தியை எடுத்து, துறைதுறையாகப் பொருத்தமான குறிகாட்டிகளை வைத்து மாகாணங்களுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். ஒரே பானைச் சோற்றை ஒன்பது கோப்பைக்குப் போட்டால், பானை நிறைந்த நாளில் எல்லாக் கோப்பையும் நிறையும். அதை வைத்து மாகாணங்கள் ஒத்திசைகின்றன என்று சொன்னால், கணக்கு செய்த முறையையே கண்டுபிடிப்பாகச் சொன்னதாகிவிடும். பட்டதாரி ஆய்வுகளில் இந்தப் பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது, ஏனென்றால் மற்ற உழைப்பெல்லாம் நன்றாக இருக்கும்.

அதனால் கீழே இருந்து வரும் எண்களைச் சேருங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திடம் மாவட்டவாரியாக ஒவ்வொரு போகத்தின் நெல் விளைச்சலும் பரப்பும் உண்டு. மாவட்டப் புள்ளிவிபரக் கையேடுகளில் மீன்பிடி, மின் இணைப்பு, வாகனப் பதிவு கிடைக்கும். கூட்டுறவுக் கிராமிய வங்கிகளிடம் கேட்டால் அடகு நிலுவையின் மாதாந்தத் தொகை கிடைக்கக்கூடும். வன்னிக்கு அடகு அருமையான குறிகாட்டி. விதைப்புக்கு முன் நகை உள்ளே போகும், அறுவடைக்குப் பின் மீளும். மீளாமல் கிடந்தால் அந்த வருடம் என்ன நடந்தது என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

செய்மதி எடுக்கும் இரவு வெளிச்சப் படங்களையும் சிலர் பாவிக்கிறார்கள். வன்னிக்கு அவதானம் தேவை. போருக்குப் பின் மின்கம்பி வந்ததால் வெளிச்சம் கூடியது. அது மீள்கட்டுமானம், வணிகச் சுழற்சி இல்லை.

எங்கே தொடங்குவது? 2011க்கு முன் போகாதீர்கள். 2001 தொகைமதிப்பு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடக்கவே இல்லை. 1981க்குப் பிறகு முதன்முறையாக முழுத்தீவையும் எண்ணியது 2012இல்தான். இடையில் உள்ள எண்களில் பல மதிப்பீடுகள். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த சனத்தின் பொருளாதாரத்தை அந்த மதிப்பீடுகள் பிடித்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

மூன்றாம் படி: விலையையும் போகத்தையும் கழியுங்கள்

விலையைக் கழிக்காமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டி முந்திய வருடத்தைவிட 69.8 சதவீதம் ஏறியிருந்தது. நடப்பு விலையில் பார்த்தால் அந்த வருடம் எல்லா மாகாணமும் பாய்ந்து வளர்ந்தது போல இருக்கும். உண்மையில் நாட்டின் உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. விலையோடு விலை சேர்ந்தோடியதை அளந்துவிட்டு உற்பத்தி சேர்ந்தோடியது என்று எழுதிவிடுவோம்.

எந்தச் சுட்டியால் கழிப்பது? வன்னிக்கென்று தனி விலைச் சுட்டி இல்லை. கொழும்புச் சுட்டியைவிடத் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டி பொருத்தம், அதில் உணவுக்கு நிறை கூட. கொழும்புச் சுட்டியில் உணவின் நிறை கால்பங்கு அளவுதான். வன்னியில் ஒரு குடும்பம் உணவுக்குச் செலவழிப்பது அதைவிடக் கூட என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மத்திய வங்கியின் 5 சதவீதப் பணவீக்க இலக்கு கொழும்புச் சுட்டியில்தான் அளக்கப்படுகிறது. இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நெல் தொன், மீன் கிலோ, வாகன எண்ணிக்கை போன்ற அளவுகளையே பாவியுங்கள், அப்போது விலைப் பிரச்சினையே வராது.

போகத்தைக் கழிப்பது சுலபம். காலபோகத்தை முந்திய வருடக் காலபோகத்தோடும் சிறுபோகத்தை முந்திய சிறுபோகத்தோடும் மட்டும் ஒப்பிடுங்கள். மாசியில் காசு வருவதும் ஐப்பசியில் வற்றுவதும் வருடாவருடம் நடப்பது, அதைச் சுழற்சி என்று எண்ணக் கூடாது. மன்னார் மீனுக்கும் இதுவே. தமிழ்நாட்டில் ஏப்ரல் நடுவில் இருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம், இழுவைப் படகுகள் வராத அந்த இரண்டு மாதத்தை அதே இரண்டு மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

நீண்டகாலப் போக்கைக் கழிக்கப் பாடநூல்கள் ஹொட்ரிக்–பிரெஸ்கொட் வடிகட்டியைச் சொல்லும். 14 வருடத் தரவுக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு. அந்த வடிகட்டி தொடரின் இரண்டு முனையிலும் பிழைக்கும். நமக்கு மிக முக்கியமான 2022ஐயொட்டிய வருடங்கள் சரியாக முனையில் கிடக்கின்றன. வருடாந்த வளர்ச்சி வீதத்தை எடுத்து, அதன் சராசரியைக் கழித்தால் போதும்.

நான்காம் படி: அளந்து பாருங்கள், பிறகு ஒரு வருடத்தை எடுத்துவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பயிற்சிக்காக நானே போட்ட ஐந்து எண்களைத் தருகிறேன், எந்த வருடத்துத் தரவும் இல்லை. சராசரியில் இருந்து விலகல்:

வன்னி: +2, −1, −3, +1, +1
மேல் மாகாணம்: +1, +1, −2, −1, +1

சோடி சோடியாகப் பெருக்கிக் கூட்டினால் 2 − 1 + 6 − 1 + 1 = 7. வன்னியின் வர்க்கங்களின் கூட்டு 16, மேல் மாகாணத்தினது 8. பெருக்கினால் 128, அதன் வர்க்கமூலம் சுமார் 11.3. 7ஐ அதனால் வகுத்தால் 0.62. இதுதான் இணைபுக் குணகம்: முற்றிலும் சேர்ந்தோடினால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0, நேரெதிராக ஓடினால் −1. எக்செலில் CORREL என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது. 0.62 என்றால் நல்ல ஒத்திசைவு என்று எழுதத் தோன்றும்.

சரி, இப்போது மூன்றாவது வருடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்து விழுந்த அந்த வருடத்தை. மீதி நான்குக்கும் புதிதாகச் சராசரி எடுத்துக் கணக்கிட்டால் விடை −0.13. ஒத்திசைவு முழுவதும் ஒரே ஒரு வருடத்தில் இருந்தது.

வன்னிக்கு அந்த மூன்றாவது வருடத்தின் பெயர் 2022. டொலர் இல்லாமல் நாடே விழுந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்ததால் நாட்டின் நெல் விளைச்சல் சுமார் 51 இலட்சம் தொன்னில் இருந்து 34 இலட்சம் அளவுக்கு விழுந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏறியது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாகியது, முல்லைத்தீவில் பல படகுகள் கரையிலேயே நின்றன. இவை எல்லா மாவட்டத்துக்கும் பொதுவாக விழுந்த அடிகள். பொது அடியில் எல்லோரும் சேர்ந்து விழுந்ததை வைத்து எல்லோரும் சேர்ந்து ஓடுகிறோம் என்று சொல்ல முடியாது. கொரோனா வந்த 2020ஐயும் 2022ஐயும் சேர்த்து ஒரு முறை, எடுத்துவிட்டு ஒரு முறை என்று கட்டாயம் இரண்டு விடையையும் எழுதுங்கள்.

14 வருடம் மட்டுமே இருக்கும்போது இணைபுக் குணகம் 0.53ஐத் தாண்டினால்தான் வழக்கமான 5 சதவீதச் சோதனையில் (தற்செயலாக வந்ததா என்று பார்க்கும் சோதனை) அதற்கு மதிப்பு. 0.4 வந்தால் "ஒத்திசைவு உண்டு" என்று தலைப்புப் போடாதீர்கள்.

இன்னொரு எளிய அளவும் எடுங்கள். இரண்டும் ஒரே திசையில் போன வருடங்களை எண்ணி, மொத்த வருடங்களால் வகுப்பது. மேலே உள்ள எண்களில் ஐந்தில் மூன்று. பெரிய அடி விழுந்த வருடமும் இதில் ஒரு வருடமாகவே எண்ணப்படும் என்பதால் இது அவ்வளவு சுலபத்தில் ஏமாற்றாது. கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும் அளவும் இதுதான்.

ஐந்தாம் படி: பிந்தி வருகிறதா, பெரிதாக வருகிறதா

ஒரே வருடத்தை ஒப்பிட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். மேல் மாகாணத்தின் இந்த வருடத்தை வன்னியின் அடுத்த வருடத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். லீசிங் தவணை ஏறியதன் வலி வயலுக்கு வந்து சேர ஒன்றிரண்டு போகம் எடுக்கும். வாங்கிய உழவு இயந்திரத்தை உடனே யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை, முதலில் நகை போகும், பிறகுதான் இயந்திரம் போகும். கொழும்பு எழும்பத் தொடங்கிய நேரத்தில் வன்னி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால், வட்டிக் கொள்கை அதற்கு எப்போதும் பிந்திய மருந்து.

அலையின் உயரமும் வேறு. இணைபு பூரணமாக 1 என்று வந்தாலும், கொழும்பு 1 அசையும்போது வன்னி 3 அசைந்தால் ஒரே வட்டி இரண்டுக்கும் பொருந்தாது. அதனால் இரண்டின் நியம விலகலையும் (சராசரியில் இருந்து எவ்வளவு அலைகிறது என்ற அளவையும்) அருகருகே எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் இரண்டு வளர்ச்சி வீதங்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று ஒரு நிரலும் போடுங்கள். அந்த நிரலில் 2017, 2019 இரண்டையும் பாருங்கள். 2017இல் வரட்சி நாட்டின் நெல்லை சுமார் 44 இலட்சம் தொன்னில் இருந்து 24 இலட்சம் அளவுக்குக் குறைத்தது, அடி நெல் மாவட்டங்களுக்கு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் சுற்றுலா விழுந்தது, அடி கொழும்புக்கும் தென்கரைக்கும். விடுதி அறைகளை நம்பியிராத வன்னிக்கு அந்த வழியால் வந்த அடி சிறியது. இந்த இரண்டு வருடமும் ஒத்திசைவின்மைக்கு எதிரெதிர்ப் பக்க உதாரணங்கள்.

ஆறாம் படி: இறக்கத்தை யார் தாங்கினார்கள்

ஒத்திசைவு குறைவு என்று வந்தால் அடுத்துக் கேட்க வேண்டியது இதுதான். அமெரிக்க மாநிலங்களை 1963 முதல் 1990 வரை ஆராய்ந்த அஸ்த்ருபாலி, சோரன்சன், யோஷா மூவரும் 1996இல் ஒரு கணக்குத் தந்தார்கள். ஒரு மாநிலத்தின் உற்பத்தியில் விழும் அடியில் 39 சதவீதத்தை மூலதனச் சந்தை தாங்குகிறது, 23 சதவீதத்தைக் கடன் சந்தை, 13 சதவீதத்தை மத்திய அரசு. மீதி 25 சதவீதம் சனத்தின் நுகர்வில் நேராக விழுகிறது.

வன்னிக்கு இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கொழும்புக் கம்பனிகளில் பங்கு வைத்திருக்கும் விவசாயி யார்? மூலதனச் சந்தை என்ற மெத்தை இங்கே இல்லை என்றே வையுங்கள். கடன் சந்தை உண்டு, ஆனால் அது அடியைத் தாங்குவதற்குப் பதிலாகப் பெருப்பித்த காலமும் உண்டு. வரட்சிக்குப் பிறகு கிழமைக் கிழமை வீட்டு வாசலில் நுண்கடன் அறவிட வந்தவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். 2018இல் வரட்சி மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்தது. அரசாங்கப் பக்கத்தில் அரச சம்பளம், ஓய்வூதியம், நெல் கொள்வனவு, பசளை மானியம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அரச சம்பளம் வரட்சியில் குறைவதில்லை, நகரக் கடைகள் அதில்தான் மூச்சு விடுகின்றன. முண்டெல் சொன்ன இடம்பெயர்வும் நடக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் கொழும்புக்கு இல்லை. கட்டாருக்கும் துபாய்க்கும்.

அமெரிக்கக் கணக்கில் இல்லாத ஒரு வரி வன்னிக்கு வேண்டும். கனடாவிலும் சுவிசிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரங்கள் அனுப்பும் காசு. அது இங்கே இறக்கம் வரும்போது கூடுகிறது. 2022இல் ரூபா விழுந்தபோது அதே நூறு டொலருக்கு இங்கே கிடைத்த ரூபா ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் பலருக்கு அது வங்கியால் வரவில்லை, வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு கைமாறும் உண்டியலால் வந்தது, அதனால் எந்தப் புள்ளிவிபரத்திலும் முழுமையாக இல்லை. வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடும் இல்லாத வீடும் ஒரே கிராமத்தில் வேறு வேறு சுழற்சியில் இருப்பது இதனால்தான். கள ஆய்வு செய்தால் இந்த இரண்டு வகை வீட்டையும் பிரித்துக் கேளுங்கள்.

இந்தக் காலபோகத்தில் இருந்தே

நல்ல மாவட்டத் தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நான்கு மாவட்டத்திலும் ஒவ்வொரு மாவட்டத்துக்கு ஐந்து கடை, கடைக்காரரின் சம்மதத்தோடு. ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் மூன்று எண் மட்டும்: நிலுவையில் உள்ள மொத்தக் கடன், எத்தனை பெயர், அந்த மாதம் எத்தனை பெயருக்குக் கோடு விழுந்தது. ஆட்களின் பெயரை எழுதவே எழுதாதீர்கள், அந்தக் கொப்பி ஊரின் மானம். கரையோரக் கடை ஒன்று, வயல்வெளிக் கடை ஒன்று, நகரக் கடை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மொத்தக் கடனைத் தேசிய விலைச் சுட்டியால் வகுங்கள், போன வருட அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அக்காவிடம் நான் கேட்டபோது பழைய கொப்பிகளையும் அரிசிப் பெட்டிக்கு மேலே இருந்து இறக்கித் தந்தார். 2013இல் இருந்து இருக்கிறது, ஒன்று மட்டும் 2018 மார்கழி வெள்ளத்தில் ஊறிப் பாதிப் பக்கம் ஒட்டிப்போய்விட்டது.